மஞ்சள் பெட்டி காட்டிய பூஜ்ஜியம்

ராஜகோபால் கையெழுத்துப் போட்டுத் தொலைக்க இன்னும் இரண்டே மணி நேரம்தான் பாக்கி இருந்தது.

மாலை ஐந்து மணிக்குச் சென்னையிலிருந்து விசாரணை அதிகாரி வருகிறார். அவர் முன்னால் உட்கார்ந்து, 'என் கவனக்குறைவால்தான் தீயணைப்பு வீரர் ஏகாம்பரம் இறந்தார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டால், அப்புறம் அந்தப் பிரம்மாவே வந்தாலும் மாற்ற முடியாது. வேலை போகும். வழக்கு வரும். கூட வேலை பார்த்தவனைக் கொன்றவன் என்ற பெயர் பிள்ளைகள் வரைக்கும் ஒட்டிக்கொள்ளும்.

இதில் கூத்து என்னவென்றால், அப்படி எழுதிக் கொடுக்கச் சொல்லி யாரும் ராஜகோபாலை மிரட்டவில்லை. அந்த மனுஷனே அடம் பிடிக்கிறார். அவர் மனைவி கமலாட்சிதான் காலையில் ஓடிவந்து அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

"புருஷன்காரரு நான்தான் கொன்னேன்றாரு. பொண்டாட்டி இல்லவே இல்லைன்றாங்க. நாம யாரு பக்கம் மேடம்?" என்றான் ராஜவேலு, எம்-80 வண்டியை உதைத்துக் கிளப்பியபடி.

"சந்தனப் பொட்டு பக்கம்," என்று பின்னால் ஏறி உட்கார்ந்தார் ஸுபத்ரா. "ஓட்டு."

ஸுபத்ராவுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் கல்லூரியில் ரசாயனம் சொல்லிக் கொடுத்து அலுத்துப் போய், சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். ராஜவேலு அதற்கு முன் ஐயம்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்தான். அவன் வாய்க்குப் பயந்தே பாதி ஜனம் பஸ்ஸில் போனது என்று சொல்வார்கள். இப்போது அந்த வாய் மேடத்திடம் மாதச் சம்பளத்தில் இருக்கிறது.

வழியில் தெருவை அடைத்து, தறிக்கான பாவு நூலை நீட்டியிருந்தார்கள். சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. தீயணைப்பு நிலையத்துக்குப் போகிற வழியெல்லாம் ராஜவேலுவுக்கு ஏகாம்பரத்தின் முகம்தான் கண்ணில் நின்றது. ஐயம்பேட்டைக்காரன். காக்கி யூனிஃபார்மோடு ஆட்டோவில் ஏறினால், இறங்கும் வரை சிரித்துக்கொண்டே வருவான்.

அந்த ஏகாம்பரம் செத்த விதம்தான் நம்ப முடியாததாக இருந்தது. நான்கு நாளைக்கு முன்னால், பட்டு நூல் கிடங்கு ஒன்றில் தீ. இரண்டு மணி நேரத்தில் அணைத்தாயிற்று. புகை மெலிந்துவிட்டது. உள்ளே கங்கு கிடக்கிறதா என்று பார்க்கப் போன ஏகாம்பரம், இடுப்பில் தொங்கிய மஞ்சள் பெட்டியைப் பார்த்தான். காற்றில் விஷவாயு எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும் மீட்டர் அது. அது பூஜ்ஜியம் காட்டியது. சரி, ஆபத்தில்லை என்று முகமூடியைக் கழற்றினான். ஐந்து நிமிஷம் கழித்து உள்ளே போனவர்கள், அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அசதியில் தூங்குகிறான் என்றே நினைத்தார்கள்.

கார்பன் மோனாக்சைடு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. தொண்டைகூடக் கமறாது.

மறுநாள் மீட்டர் கம்பெனி நிபுணர் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரே வரியில் தீர்ப்பு எழுதினார். காற்று உள்ளே போகும் துளைகளைச் சந்தனம் அடைத்திருக்கிறது. அதனால்தான் மீட்டர் பூஜ்ஜியம் காட்டியது. தீ விபத்துக்கு மூன்று நாள் முன்னால்தான் ஆயுத பூஜை. நிலையத்துச் சாமான் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தவர், சாமான்களுக்குப் பொறுப்பாளரான ராஜகோபால்.

---

நிலைய அதிகாரி பராங்குசம், ஸுபத்ராவைக் கண்டதும் தன்னை அறியாமல் எழுந்து நின்றார். பழைய மாணவர். ரசாயனத்தில் இரண்டு முறை தோற்றவர்.

"உக்காருங்கோ பராங்குசம். இன்னிக்குப் பரீட்சை இல்லை."

டீ வந்தது. ராஜவேலு ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை வைத்தான். "தீயணைப்பு நிலையத்துல டீகூட அணைஞ்சுதான் வருது மேடம். தொழில் பக்தி."

யாரும் சிரிக்கவில்லை. சஸ்பெண்ட் ஆகி, அறையின் மூலையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராஜகோபால் அவர்களை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரர், நான்கு நாளில் அறுபது வயதுக்காரர் ஆகியிருந்தார்.

"மீட்டருக்குப் பொட்டு வெச்சது ஞாபகம் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டார் ஸுபத்ரா.

"நாப்பது சாமான்மா. ஹெல்மெட், குழாய், கோடாலி, வண்டி... எல்லாத்துக்கும் வெச்சேன். எதுக்கு எங்க வெச்சேன்னு யாருக்குமா ஞாபகம் இருக்கும்?" உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "அந்தப் பொட்டி அவன் உசுரைக் காப்பாத்தணும்னு கும்பிட்டுத்தான் வெச்சிருப்பேன். நானே அடைச்சுட்டேனேமா!"

"வெச்சிருப்பேன்னு சொல்றேள். வெச்சேன்னு சொல்லலை."

"வேற யாருமா வெப்பாங்க? இங்க பூஜை பண்றது நான் ஒருத்தன்தான்."

பராங்குசம் பீரோவைத் திறந்து, மீட்டரைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளங்கை அகலப் பெட்டி. மஞ்சள் நிறம் என்பது பெயருக்குத்தான். கிடங்குப் புகையில் கன்னங்கரேலென்று ஆகியிருந்தது. முன்பக்கத்துத் துளைகளின்மேல் பளிச்சென்று ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம். சாமி அறையில் பார்க்க வேண்டிய பொட்டு அது. இங்கே ஒரு மனுஷனின் மூச்சை நிறுத்திவிட்டு மங்களகரமாக உட்கார்ந்திருந்தது.

ஸுபத்ரா மீட்டரைத் தொடவில்லை. "ஏகாம்பரத்தோட ஹெல்மெட் இருக்கா?"

"ஹெல்மெட் எதுக்கு மேடம்?" என்றார் பராங்குசம்.

"அதுவும் அதே கிடங்குக்குள்ளதானே போச்சு. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வெச்சு விசாரிக்கணும்."

ஹெல்மெட் வந்தது. அதுவும் கரி பிடித்துப்போய்தான் இருந்தது. நெற்றிப் பக்கத்தில் பொட்டு இருந்த இடம் கரிக்குள் மேடாகத் தெரிந்தது. ஸுபத்ரா கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி ராஜவேலுவிடம் நீட்டினார்.

"சுரண்டு. முதல்ல ஹெல்மெட்."

ராஜவேலு சுரண்டினான். மேலே கரி. அதன் கீழே சந்தனம். அதற்கும் கீழே ஹெல்மெட்டின் சிவப்பு பெயின்ட், புதுசு போலப் பளபளத்தது.

"இப்ப மீட்டர்."

ராஜவேலு பொட்டின் ஓரத்தைக் கிள்ளி எடுத்தான். சந்தனம் உதிர்ந்தது. உள்ளே மஞ்சள் நிறம் தெரியும் என்று குனிந்து பார்த்தவன், அப்படியே நின்றுவிட்டான்.

"மேடம்... கருப்பா இருக்குது."

"எது?"

"பொட்டுக்கு அடியில. கரி மேலதான் சந்தனம் இருக்குது." அவன் ஹெல்மெட்டையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டென்று அவனுக்கு உறைத்தது. "அதுல சந்தனத்து மேல புகை. இதுல புகை மேல சந்தனம். அப்படின்னா..."

"சொல்லு. முழுசாச் சொல்லு."

"ஹெல்மெட்டு பொட்டு வெச்சுக்கினு தீக்குள்ள போச்சு. இந்தப் பொட்டி தீக்குள்ள போய்ட்டு வந்து பொட்டு வெச்சுக்கிச்சு!"

ராஜகோபால் பெஞ்சிலிருந்து எழுந்தார். மேஜையருகே வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார்.

"உக்காருங்கோ," என்றார் ஸுபத்ரா, இந்த முறை கனிவாக. "நாப்பது சாமானுக்குப் பொட்டு வெச்சேள். இதை மறந்துட்டேள். அந்த மறதிதான் உங்களைக் காப்பாத்தியிருக்கு."

பராங்குசம் மீட்டரைக் கையில் எடுத்தார். "ஆனா மேடம், உள்ள இருந்தப்ப இது பூஜ்ஜியம் காட்டிச்சு. அது நிஜம். துளை அடைக்கலைன்னா ஏன் காட்டலை?"

"உள்ள வாயுவை மோந்து பாக்கற செல் செத்துப் போயிருந்தா? செத்த செல்லுக்கு எல்லாக் காத்தும் நல்ல காத்துதான். இதைக் கடைசியா சரிபார்த்தது யார்?"

"கம்பெனி ஆளு. ஹர்ஷவர்தன். ஆயுத பூஜைக்கு முன்னால எடுத்துட்டுப் போய், புது செல் போட்டாச்சுன்னு சர்ட்டிபிகேட்டோட குடுத்தார்."

"தீ விபத்துக்கு அப்புறம் இதைக் கையில வாங்கினது யார்?"

பராங்குசம் சுவரைப் பார்த்தார். ராஜவேலுவும் பார்த்தான். சுவரில் வரதராஜப் பெருமாள் படம். படத்துக்குக் கீழே, பலகையில், ஆயுத பூஜைக்குக் குழைத்த சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழும் அப்படியே இருந்தன.

"அவரேதான்," என்றார் பராங்குசம் மெல்ல. "இந்த ரூம்ல தனியா இருபது நிமிஷம் இருந்தார். கதவைத் திறந்து, 'சார், காரணத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்'னார்."

"கண்டுபிடிக்கலை. செல்லை மாத்தாமலே சர்ட்டிபிகேட் குடுத்தது வெளிய வந்துடும்னு, கிண்ணத்துச் சந்தனத்துல தண்ணி விட்டுக் குழைச்சு அவரே வெச்சார். இது பக்தி உள்ள ஊர், பொட்டுன்னா யாரும் சுரண்டிப் பாக்க மாட்டான்னு கணக்குப் போட்டிருக்கார். செத்தவன் மேலயும் பழி இல்லை, தன் மேலயும் இல்லை. பாவம், சாமி கும்பிட்டவன் தலையில கட்டியாச்சு."

"ஏகாம்பரம் சாவுக்கு டை கட்டினு வந்த கம்பெனிக்காரரு, அவரா மேடம்?" என்றான் ராஜவேலு. "இந்த வெயில்ல டை கட்றவன் எதையோ மறைக்கறான்னு நான் அன்னிக்கே நெனச்சேன். பட்டன் போயிருக்கும்னு நெனச்சேன்."

ஸுபத்ரா சிரிக்கவில்லை. அவர் பார்வை வெளியே, வண்டி நிற்கும் கொட்டகையின் பக்கம் போயிருந்தது. கொட்டகை காலியாக இருந்தது.

"வண்டி எங்கே பராங்குசம்?"

"ஐயம்பேட்டைக்குப் போயிருக்கு. சாயப்பட்டறைக் கழிவுத் தொட்டிக்குள்ள ஆள் விழுந்துட்டான்னு போன் வந்தது. இருபது நிமிஷம் ஆச்சு. விசாரணைக்காக நான் இங்க..." சொல்லிக்கொண்டே வந்தவரின் முகம் வெளுத்தது. "மேடம்! இந்த மீட்டர் பீரோவுல இருக்குதுன்னு ஹர்ஷவர்தன் நேத்து வேற மீட்டர் குடுத்தார். விசாரணைக்கு வந்து உக்காந்திருந்தவரை, பசங்க மீட்டர் எப்படிப் பாக்கறதுன்னு சொல்லிக் குடுங்க சார்னு கையோட கூட்டிட்டுப் போயிருக்காங்க!"

---

வண்டியை ஒயர்லெஸ்ஸில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். எடுக்க ஆள் இல்லை. எல்லோரும் இறங்கிப் போயிருப்பார்கள். ஜீப்பை ராஜவேலுதான் ஓட்டினான். ஐயம்பேட்டை ரோட்டின் ஒவ்வொரு குழியும் அவனுக்கு மனப்பாடம். அப்படி இருந்தும் அன்று அந்த ரோடு முடியவே முடியாதோ என்று தோன்றியது. பின்சீட்டில் ராஜகோபால், ஒரு காற்று சிலிண்டரையும் முகமூடியையும் மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பட்டறையின் பின்பக்கம் கூட்டம். நடுவில் தரையோடு தரையாக ஒரு சிமென்ட் பலகை. அதில் ஓர் ஆள் மட்டுமே நுழையக்கூடிய சதுர ஓட்டை. பக்கத்தில் செல்லியம்மாள் என்ற பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். அவள் புருஷன் கன்னியப்பன்தான் மோட்டார் அடைப்பை எடுக்க உள்ளே இறங்கியவன். ஏணியின் பாதியில் ஒரு படித்திட்டில் விழுந்து கிடந்தான். முனகல் கேட்டது. உயிர் இருந்தது.

வரதன் என்ற இளம் வீரன் இடுப்பில் கயிறு கட்டி, ஓட்டைக்குள் ஒரு காலை விட்டிருந்தான். முதுகில் சிலிண்டர் இல்லை. சிலிண்டரோடு அந்த ஓட்டைக்குள் நுழைய முடியாது.

"ஏறுடா!" என்று கத்தினார் பராங்குசம்.

"சார், மீட்டர் ஜீரோ சார். கயிறு கட்டி உள்ள விட்டுப் பார்த்துட்டோம்."

பட்டறை மேஸ்திரியும் சேர்ந்துகொண்டார். "ஆமாங்க. மொதல்ல அழுகின முட்ட நாத்தம் கொடலப் புடுங்கிச்சு. அரை மணி நேரமா இங்கியேதான் நிக்கறேன், இப்ப நாத்தமே இல்ல. கேஸ் எல்லாம் போய்டுச்சு."

ஜீப்பை விட்டு இறங்கிய ராஜவேலுவின் மூக்கில் அந்த நாற்றம் அறைந்தாற்போல் அடித்தது. அவன் மேஸ்திரியை வெறித்துப் பார்த்தான். மேஸ்திரி நிதானமாக மூச்சு இழுத்துக்கொண்டிருந்தார்.

"கேஸ் போகலை," என்றார் ஸுபத்ரா. "உங்க மூக்கு போயிடுத்து. அந்த வாயு மொதல்ல மோப்பத்தைக் கொல்லும். அப்புறம் ஆளை. எல்லாரும் தள்ளி வாங்கோ!"

வரதன் காலை வெளியே எடுக்கவில்லை. கீழே ஒருவன் முனகிக்கொண்டிருக்கிறான். மேலே அவன் பெண்டாட்டி கதறுகிறாள். கையில் இருக்கும் மீட்டர் பயமில்லை என்கிறது. யாரோ ஓர் அம்மாள் ஜீப்பில் வந்து குதித்துச் சொல்வதை அவன் ஏன் கேட்க வேண்டும்?

ஹர்ஷவர்தன் எங்கே என்று ராஜவேலு தேடினான். கண்டுபிடிக்கக் கஷ்டமாக இல்லை. கூட்டத்தை விட்டு முப்பது அடி தள்ளி, காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறதோ அந்தப் பக்கமாக, கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு நின்றது டை.

"வாங்க சார், வாங்க. புது மாப்ள மாதிரி தூரமா நிக்கறீங்களே," என்று தோளில் கை போட்டு ராஜவேலு அவரை ஓட்டை வரைக்கும் நடத்திக்கொண்டு வந்தான்.

ஸுபத்ரா வரதனின் கையிலிருந்த மீட்டரை வாங்கினார். அதன் முகத்தில் பெரிய பூஜ்ஜியம். அதை ஹர்ஷவர்தனிடம் நீட்டினார்.

"இது சரியா வேலை செய்யறதா?"

"நூறு சதவீதம் மேடம். நானே செக் பண்ணினேன். சர்ட்டிபிகேட் இருக்கு."

"ரொம்ப நல்லது. இந்தப் பையனுக்கு என் பேச்சுல நம்பிக்கை இல்லை. நீங்க ஒரு நாலு படி இறங்கிக் காட்டுங்கோ. இடுப்புல கயிறு கட்டி நாங்க பிடிச்சுக்கறோம்."

ஹர்ஷவர்தன் சிரிக்கப் பார்த்தார். "நான் டெக்னிக்கல் ஆளு மேடம். இறங்கறது அவங்க வேலை."

"நாலே படி. பூஜ்ஜியம்னுதானே காட்டறது?"

வரதன் தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து அவரிடம் நீட்டினான். அவன் நீட்டியதில் கேலி எதுவும் இல்லை, நிஜமாகவே கொடுத்தான். ஹர்ஷவர்தன் அந்தக் கயிற்றைப் பார்த்தார். ஓட்டையைப் பார்த்தார். ஒரு அடி பின்னால் வைத்தார். அப்புறம் இன்னொரு அடி. கைக்குட்டை தானாக மூக்குக்குப் போனது.

அந்த இரண்டு அடியைக் கூட்டம் மொத்தமும் பார்த்தது. வரதன் தன் காலை ஓட்டைக்குள்ளிருந்து மெதுவாக வெளியே எடுத்தான்.

"ஏகாம்பரம் அண்ணன்கிட்டயும் செக் பண்ணிட்டேன்னுதானே சார் குடுத்தீங்க?" என்று கேட்டான்.

ஹர்ஷவர்தன் திரும்பிக் கூட்டத்தை விலக்கினார். ஓட நினைத்தவரை ராஜவேலு டையைப் பிடித்து நிறுத்தினான். "டை எதுக்குன்னு இப்பத்தான் மேடம் புரியுது. கைப்பிடி!"

அதற்குள் ராஜகோபால் கடப்பாரையைத் தூக்கியிருந்தார். "ஓட்டை சின்னதுன்னா பெருசாக்குங்கடா! நாலு பேரு வாங்க, மூஞ்சில மாஸ்க் மாட்டிக்கினு!" என்று அவர் போட்ட சத்தத்தில், சஸ்பெண்ட் ஆன ஆள் உத்தரவு போடுகிறாரே என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பராங்குசமே இரண்டாவது கடப்பாரையை எடுத்தார். சிமென்ட் பலகை நான்காவது அடியில் விரிசல் விட்டது, எட்டாவது அடியில் உடைந்தது; துண்டுகளை உள்ளே விழாமல் வெளியே இழுத்துப் போட்டார்கள். சிலிண்டரை முதுகில் மாட்டி, முகமூடியை இறுக்கிக்கொண்டு, ராஜகோபால் முதல் ஆளாக இறங்கினார்.

கன்னியப்பனை மேலே கொண்டுவர ஏழு நிமிஷம் ஆயிற்று. செல்லியம்மாள் அவன் மார்பில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "இருக்குது, மூச்சு இருக்குது!" என்று அலறினாள். ஆம்புலன்ஸ் அவனை ஏற்றிக்கொண்டு போனது. பராங்குசம் போன் போட்டு வரவழைத்த போலீஸ் ஜீப் ஹர்ஷவர்தனை ஏற்றிக்கொண்டு போனது.

ராஜகோபால் மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றவில்லை. அந்த இடத்தை விட்டு வெகு தூரம் நடந்து, வேப்பமரத்தடியில் போய் நின்று, அப்புறம்தான் கழற்றினார். ராஜவேலு தண்ணீர் செம்போடு பின்னால் ஓடினான். ஏதாவது சொல்லிச் சிரிக்கவைக்கலாம் என்றுதான் ஓடினான்.

"அண்ணே, கையெழுத்து போட வேணாம். தப்பிச்சீங்க."

ராஜகோபால் செம்பை வாங்கவில்லை.

"நாலு நாளா, நான் கொன்னுட்டேனே, நான் கொன்னுட்டேனேன்னுதான்பா நெஞ்சு அடிச்சுக்கினு இருந்துச்சு. அவன் செத்துட்டான்றது உள்ள எறங்கவே இல்ல." அவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். "நான் கொல்லல. சரிப்பா. ஆனா ஏகாம்பரம் இல்லியே! நாளைக்கு டூட்டிக்குப் போனா அவன் இருக்க மாட்டானே!"

நான்கு நாளில் முதல் முறையாக அந்த மனுஷன் தன் நண்பனுக்காக அழுதார். ராஜவேலு செம்பைக் கீழே வைத்துவிட்டு, அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டான்.